வானில் வரும் உதைபந்தை அடக்கப் பழகுதல்: முழுமையான வழிகாட்டி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாலை வேளைகளில் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். ஒருநாள் ஒரு தம்பி ஓடி வந்து, "அண்ணா, பந்து கீழே விழாமல் 30 தடவை தட்டிவிட்டேன்" என்றான். என் முன்னாலேயே தட்டியும் காட்டினான். நான் 10 மீற்றர் தள்ளி நின்று, கையால் பந்தை உயர எறிந்தேன். அது அவன் காலில் பட்டு, வந்த வேகத்திலேயே வேறு பக்கம் பறந்தது. ஐந்து முறை எறிந்தேன், ஐந்து முறையும் அதே கதை.

அந்தத் தம்பியிடம் திறமைக்குக் குறைவில்லை. பழகிய வரிசைதான் தவறு. பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பதற்கும், தூரத்திலிருந்து இறங்கி வரும் பந்தைக் காலடியில் நிறுத்துவதற்கும் கால் செய்யும் வேலை வேறு. முதலாவது இரண்டாவதற்கு வழி திறக்கும்; ஆனால் தானாகவே அங்கு கொண்டுபோய் விடாது. கீழே உள்ள படிகளை அந்த நினைப்போடுதான் அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பழகுங்கள்.

1. முதலில் இரண்டு சொற்கள்

இந்த வழிகாட்டி முழுவதும் இரண்டு சொற்கள் வரும்: எழுப்புதல், அடக்குதல்.

எழுப்புதல் என்றால் பந்தை மீண்டும் மேலே அனுப்புவது. அதற்குக் கணுக்கால் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த காலில் பட்ட பந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசைக்குப் போகும்.

அடக்குதல் என்றால் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்வது. அதற்குக் கால் பந்தோடு சேர்ந்து கீழே இறங்க வேண்டும்; கணுக்கால் அந்தக் கணத்தில் தளர வேண்டும். மேலிருந்து எறியும் தேங்காயைக் கையை நீட்டி விறைப்பாகப் பிடித்தால் உள்ளங்கை எரியும். கையைத் தாழ்த்திக்கொண்டே பிடித்தால் எரியாது. இங்கும் அதே கணக்குத்தான்: நிற்பதற்குப் பந்து எடுக்கும் நேரம் கூடக் கூட, தாக்கும் விசை குறைகிறது.

1 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்து காலைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 5 மீற்றர் என்றால் 36, 10 மீற்றர் என்றால் 50. முழங்கால் உயரத்துக்கே தட்டிப் பழகிய கால், உயர்ந்து வரும் பந்தின் முன் ஏன் தடுமாறுகிறது என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

2. தொடங்குமுன் வேண்டியவை

பந்தின் அளவு முக்கியம். 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5ஆம் இலக்கப் பந்து: சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், எடை 410 முதல் 450 கிராம். 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு 4ஆம் இலக்கம். அண்ணனின் பந்தோடு பழகும் சின்னப் பிள்ளை, பாரம் தாங்காமல் காலை வீசி உதைக்கப் பழகிவிடும். அந்த வீச்சைப் பின்னர் மறக்கச் செய்வது பெரும்பாடு.

காற்று: விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். பழகத் தொடங்குபவர் கீழ் எல்லையை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தோல் சற்று உள்ளே போக வேண்டும். கல்லுப் போல ஊதிய பந்து, நீங்கள் சரியாகச் செய்தாலும் துள்ளிப் போகும். பிழை காலிலா பந்திலா என்று உங்களுக்கே தெரியாது.

காலில் தட்டையான அடியுள்ள மெல்லிய சப்பாத்துப் போதும். பள்ளிக்கூடத்துக் கன்வஸ் சப்பாத்து நன்றாகவே உதவும். புல்லோ மணலோ சுத்தமாக இருந்தால் முதல் வாரம் வெறுங்காலோடும் பழகலாம். பந்து காலில் எங்கே படுகிறது என்பதைத் தோல் உடனே சொல்லும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இதுதான் பலருக்கும் தடை. 3 முதல் 6 வரையான படிகளுக்கு 3 மீற்றர் சதுரம் போதும். தொடர்மாடியின் கீழ்த்தளத்திலோ ஒழுங்கையின் முடிவிலோ அது கிடைக்கும். வாகனம் திரும்பும் இடமாக மட்டும் இருக்கக்கூடாது.

காலிமுகத்திடலுக்குப் போகிறவர்கள் அதிகாலையில் போங்கள். மாலையில் கடற்காற்று பலமாக வீசும். பட்டம் விடுபவர்களுக்கு நல்ல காற்று, உங்களுக்கு அல்ல. மாலையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கடலைப் பார்த்து நின்றால் இறங்கும் சூரியன் கண்ணைக் கூசச் செய்யும். அதோடு, பின்னாலிருந்து வீசும் காற்று பந்தை உங்களுக்கு முன்னால் தள்ளும். முன்னால் போகும் பந்தை எட்டிப் பிடிப்பது எளிது. பின்வாங்கிக்கொண்டே பந்தை வாங்குவது கடினம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான சொல். அங்கே கடற்கரையை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. அதன் அருகில் பந்தோடு நிற்கவே வேண்டாம். உருண்டு போகும் பந்தின் பின்னால் ஓடுகிறவன் கண்ணைப் பந்தை விட்டு எடுக்கமாட்டான். கடல் இரைச்சலில் ரயில் வரும் சத்தமும் கேட்காது.

மழைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். முதல் இடி கேட்டதும் திறந்தவெளியை விட்டு உள்ளே போய்விடுங்கள். மரத்தடி பாதுகாப்பல்ல.

3. ஒரு தட்டு, ஒரு பிடி

பந்தை இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். விடுங்கள். புறங்காலால், அதாவது சப்பாத்தின் நாடா இருக்கும் மேற்பகுதியால், ஒரே ஒரு தட்டு. பந்தைக் கையால் பிடியுங்கள். அவ்வளவுதான்.

கையால் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்து நேராக நெஞ்சுக்கு வந்தால்தான் நகராமல் பிடிக்க முடியும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் தட்டு சரியில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தொடர்ந்து தட்டிக்கொண்டிருப்பவனுக்கு இந்தத் தகவல் கிடைப்பதில்லை. அடுத்த தட்டைக் காப்பாற்ற ஓடுவதிலேயே அவன் கவனம் போய்விடுகிறது.

பார்க்க வேண்டியவை இரண்டு. கணுக்கால் இறுகியிருக்கட்டும், கால் முன்பக்கம் தரைக்கு ஏறத்தாழச் சமமாகவோ மிகச் சற்றே உயர்ந்தோ இருக்கட்டும். விரல்கள் கீழே சரிந்தால் பந்து முன்னால் ஓடும். அதிகம் மேலே தூக்கினால் பந்து பின்சுழற்சியோடு உங்கள் முகத்தை நோக்கி வரும். அடுத்து, நிற்கும் காலின் முழங்கால் சற்று மடிந்திருக்கட்டும். விறைத்த காலில் நிற்பவர் சமநிலைக்காகப் பின்னால் சாய்வார்; சாய்ந்தால் பந்து தள்ளிப் போகும்.

வலது காலில் 20, இடது காலில் 20. பலவீனமான காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வானில் வரும் பந்து எந்தக் கால் பக்கம் இறங்குவது என்று உங்களிடம் கேட்டு வராது.

4. தரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று

இப்போது தட்டு, தரையில் ஒரு துள்ளல், மறுபடி தட்டு. துள்ளல் உங்களுக்கு ஒரு நொடி தருகிறது. அந்த நொடியில் காலடிகளைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, பந்துக்குக் கீழே போய் நில்லுங்கள்.

இந்தப் படியில் பழக வேண்டியது காலடி வைப்பைத்தான். நிற்கும் இடத்திலிருந்தே காலை நீட்டிப் பந்தைத் தொடுவது நான் கண்ட பிழைகளிலேயே மிகப் பரவலானது. நீட்டிய காலால் பந்தை எழுப்பவும் முடியாது, அடக்கவும் முடியாது. தொட மட்டும்தான் முடியும்.

துள்ளலோடு 10 வந்ததும், துள்ளல் இல்லாமல் இரண்டு தட்டிப் பிடியுங்கள். பிறகு மூன்று. இந்த இடத்தில் எண்ணிக்கை ஆசை எல்லோருக்கும் வரும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் 10 தடவை தட்டி, தொடங்கிய இடத்திலிருந்து ஓரடிக்குள் நின்றால், இந்தப் படி முடிந்தது. 100 வரும்வரை இங்கேயே தங்கிவிட வேண்டாம்.

5. தொடை

தொடையின் நடுப்பகுதி, முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில். முழங்காலுக்கு அருகில் எலும்பு இருக்கிறது. அங்கே பட்ட பந்து எகிறும். தொடையைத் தரைக்குச் சமமாக உயர்த்தி எழுப்புங்கள். தொடை சரிந்திருந்தால் பந்து முன்னால் வழுக்கும். முழங்காலை நெஞ்சு வரைக்கும் இடித்துத் தூக்குகிறவர்கள் உண்டு, அது வேண்டாம்.

அடக்குவதென்றால் எதிர்மாறு: தொடையை முன்கூட்டியே உயர்த்தி, பந்து தொடும் நேரத்தில் கீழே விடுங்கள். பந்து காலடியில் சொத்தென்று விழும்.

6. புறங்காலால் அடக்குதல்

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இதுதான். இதற்கு ஒரு வாரம் முழுவதும் கொடுங்கள்.

பந்தை நீங்களே தலைக்கு மேல் 2 மீற்றர் எறியுங்கள். இறங்கும் பந்தை எதிர்கொள்ளக் காலை முன்கூட்டியே, முழங்கால் உயரத்துக்கு, தூக்கி வையுங்கள். பந்து புறங்காலைத் தொடுவதற்குச் சற்று முன்னரே கால் கீழே இறங்கத் தொடங்க வேண்டும். பந்தும் காலும் சேர்ந்தே தரைக்கு வர வேண்டும்.

"தொட்டதும் இறக்கு" என்று சொல்லிக் கொடுத்துத்தான் நானும் தொடங்கினேன். யாருக்கும் வரவில்லை. பந்து தொட்டது என்று மூளை அறிந்து காலுக்குச் சொல்வதற்குள் பந்து துள்ளிவிடுகிறது. "தொடுவதற்கு முன்பே இறக்கு" என்று மாற்றிய பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. முதல் சில தடவை மிக முன்னதாக இறக்கிவிடுவார்கள். பரவாயில்லை, நேரம் தவறியதை நேரத்தாலேயே திருத்திக்கொள்ளலாம்.

கணுக்கால் பற்றி மறுபடியும் சொல்கிறேன். எழுப்பும்போது இறுக்கிய அதே கணுக்காலை இங்கே தளர்த்த வேண்டும். 30 தட்டிய அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்: எழுப்பிப் பழகிய இறுக்கம் காலில் அப்படியே இருந்தது. ஒன்றை ஒன்று குழப்பாமல் இருக்க, இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். மூன்று எழுப்பு, நான்காவதைச் சற்று உயர எழுப்பி அடக்கு. மறுபடி மூன்று எழுப்பு, ஒன்று அடக்கு. கால் இறுகுவதும் தளர்வதும் உங்கள் சொற்படி நடக்கத் தொடங்கும்.

பந்து தரைக்கு வந்த பின் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அடுத்த அடி எடுத்து உதைக்கக்கூடிய தூரத்தில் இருந்தால் வெற்றி. காலுக்குக் கீழேயே சிக்கிக்கொண்டாலும் அது முழு வெற்றியல்ல, ஏனென்றால் உதைக்க நீங்கள் பின்வாங்க வேண்டியிருக்கும்.

பாதத்தின் உட்புறத்தாலும் இதையே பழகுங்கள். காலை வெளிப்பக்கமாகத் திருப்பி, முழங்காலை மடித்து, உட்புறத்தைப் பந்துக்குக் காட்டி, பந்து வரும் திசையிலேயே பின்னிழுக்க வேண்டும். பரப்பு அகலமானதால் பக்கவாட்டில் தாழ்ந்து வரும் பந்துக்கு இது நம்பகமானது.

7. துள்ளும் கணத்தில் மூடுதல்

கொழும்பின் பல திடல்கள் மழையில்லாத நாட்களில் சிமெந்துத் தரைபோல இறுகிவிடும். உயர வந்த பந்தை விட்டுவிட்டால் தலைக்கு மேல் துள்ளிப் போகும். அதனால் பந்து தரையைத் தொடும் அதே கணத்தில், காலால் ஒரு கூரை அமையுங்கள்: குதிகால் தாழ்ந்து, விரல்பக்கம் உயர்ந்து, பாதம் பந்துக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். எழும் பந்து பாதத்தின் அடியில் முட்டி அங்கேயே நிற்கும்.

மிதிக்கக்கூடாது. மிதித்தால் பந்து வழுக்கி ஓடும், கணுக்காலும் பிரளும். பாதத்தை அங்கே வைத்திருந்தால் போதும். மோதும் வேலையைப் பந்தே செய்யும்.

மணலில் இதைப் பழகப் பார்ப்பவர்களுக்கு: மணலில் பந்து துள்ளாது, ஆகவே இந்தப் படிக்கு மணல் உதவாது. முந்தைய படிக்கு மிக நன்று.

8. நெஞ்சு

கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி விரியுங்கள். சமநிலைக்காக மட்டுமல்ல, கையில் படாமல் இருக்கவும்தான். விதிப்படி அக்குளின் அடிமட்டத்துக்கு நேரே கீழே இருப்பதெல்லாம் கை. அதற்கு மேலே உள்ள தோள் கையல்ல.

முழங்கால்களை மடித்து, இடுப்பிலிருந்து சற்றுப் பின்னால் சாய்ந்து, பந்தை மேல்நெஞ்சின் ஒரு பக்கத்தில் வாங்குங்கள். நடுவெலும்பில் பட்டால் வலிக்கும், எகிறவும் செய்யும். பந்து தொடும்போது மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சு தானாகவே உள்வாங்கும். மூச்சைப் பிடித்து நிற்பவரின் நெஞ்சு பலகை மாதிரி பந்தைத் திருப்பி அனுப்பும்.

நெஞ்சிலிருந்து பந்து விழும். அதன் பின் கால் இருக்கிறது. இரண்டையும் ஒரே செயலாகப் பழகுங்கள்: நெஞ்சில் வாங்கி, புறங்காலால் அடக்கி, தரைக்கு. நெஞ்சில் வாங்கியதும் ஓய்ந்து நிற்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை.

9. தலை

சுருக்கமாகவே சொல்கிறேன். சிறுவர்களுக்கு இதைப் பழக்க நான் அவசரப்படுவதில்லை. இங்கிலாந்தில் 2020 முதல், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் அடிப்பதைத் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டல் இருக்கிறது. 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் முடிவு. அதற்கு மேல், காற்றுக் குறைந்த பந்தால், தானே எறிந்து, நெற்றியால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. போதும்.

10. இன்னொருவர் எறியும் பந்து

இதுவரை பந்து எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியும். இனித் தெரியாது. முதலில் 5 மீற்றரில் நண்பர் ஒருவர் இரண்டு கையாலும் கீழிருந்து மேலாக, வளைவாக எறியட்டும். வேகமாக, தட்டையாக எறிவது உதவியல்ல. துணைக்கு ஆளில்லை என்றால் ஒரு மதில் போதும்: தலைக்கு மேல் உயரத்தில் எறிந்து, திரும்பி வருவதை அடக்குங்கள். மதில் யாருடையதோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் இடி மாதிரிக் கேட்கும்.

பந்து எங்கே விழும் என்று அறிய ஒரு வழி உண்டு. நின்ற இடத்திலிருந்து பந்தையே பாருங்கள். உங்கள் பார்வையில் பந்து மேலே ஏறும் வேகம் கூடிக்கொண்டே போனால், அது உங்களைத் தாண்டி விழும், பின்வாங்குங்கள். ஏற்றம் தளர்ந்து சரியத் தொடங்கினால், முன்னே விழும், முன்னால் போங்கள். சீராக ஏறிக்கொண்டே வந்தால் உங்கள் மேலேயே இறங்கும். இதைக் காலைத் தூக்காமல், பந்து விழும் இடத்துக்குப் போய் நின்று கையால் பிடிப்பதாக மட்டும் முதலில் பழகுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் இடத்துக்கு நேரத்தோடு போகாதவனுக்கு மேலே சொன்ன எந்தப் படியும் உதவாது.

அதன் பின் எந்த உறுப்பால் வாங்குவது என்பதைப் பந்து உங்களை நோக்கி வரும்போதே முடிவு செய்யுங்கள். நெஞ்சா, தொடையா என்று கடைசிக் கணத்தில் தயங்குபவர் வயிற்றில் வாங்குவார்.

11. தரைக்கு அல்ல, போக வேண்டிய பக்கத்துக்கு

ஆட்டத்தில் எதிராளி ஒருவர் பக்கத்தில் நிற்பார். பந்தைச் சாகடித்து நிறுத்தினால் அவர் வந்து எடுத்துக்கொள்வார். ஆகவே முதல் தொடுகையிலேயே அவரிடமிருந்து ஓரடி விலக்க வேண்டும். நண்பர் எறியும்போதே "இடம்", "வலம்" என்று சொல்லட்டும். அந்தப் பக்கம் பந்தை இறக்குங்கள். உடம்பைத் திருப்பினால் கால் தானாகத் திரும்பும். காலை மட்டும் திருப்பப் பார்த்தால் பந்து நழுவும்.

பந்து வருவதற்கு முன் ஒருமுறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கவும் பழகுங்கள். இன்னொருவர் உங்கள் பின்னால் நின்று விரல் காட்டட்டும்; எத்தனை விரல் என்று நண்பர் கேட்கட்டும்.

ஓடிக்கொண்டே வாங்குவதற்கு ஒரு காட்சியைப் பாருங்கள்: 1998 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிராக நெதர்லாந்தின் டெனிஸ் பேர்க்காம்ப் அடித்த கோல். நீண்ட தூரம் வந்த பந்தை வலது காலால் காற்றிலேயே இறக்குகிறார், அதே காலால் தடுப்பவரை வெட்டுகிறார், அதே காலால் அடிக்கிறார். கோலை விட்டுவிடுங்கள். முதல் தொடுகைக்கு முன்னால் அவர் எடுத்து வைக்கும் அடிகளை மட்டும் நான்கைந்து தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

12. எவ்வளவு நேரம், எப்போது அடுத்த படி

ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். சனிக்கிழமை மட்டும் 2 மணி நேரம் பழகுவதை விட இது பலன் தரும். களைத்த கால் பிழையான அசைவையே பதிய வைக்கும். கொழும்பின் வெக்கையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் குடியுங்கள்.

முதல் 5 நிமிடம் 3ஆம், 4ஆம் படிகள், எவ்வளவு முன்னேறியிருந்தாலும். அடுத்த 10 நிமிடம் நீங்கள் நிற்கும் படி. கடைசி 5 நிமிடம் அதற்கு முந்தைய படி. சரியாக வரும் ஒன்றோடு முடித்தால் அடுத்த நாள் வர மனம் இருக்கும்.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கு இந்தச் சோதனையை வைத்திருக்கிறேன். நண்பர் 10 தடவை எறியட்டும். அடக்கிய பின் ஓரடி எடுத்து வைத்தால் எட்டும் தூரத்தில் பந்து எத்தனை முறை கிடந்தது என்று எண்ணுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக 7 வந்தால் தூரத்தை 5 மீற்றரிலிருந்து 10 ஆக்குங்கள். பிறகு கையால் எறிவதை விட்டு, 20 மீற்றரிலிருந்து காலால் உயர்த்தி அனுப்பச் சொல்லுங்கள். தூரம் கூடிய முதல் நாளில் 7 மறுபடி 3 ஆகும். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் ஆனது; 10 மீற்றரில் 7 எடுக்க அவனுக்கு ஆறு வாரம் பிடித்தது, இடது காலுக்கு மேலும் மூன்று.